நீலகிரிக் குளிரில் கம்ப்யூட்டருக்கு எந்த பேட்டரி?

ஐப்பசி மழையில் கோத்தகிரி, குன்னூர் பக்கம் மரம் சாய்ந்து கம்பி அறுந்தால் கரண்ட் வரப் பல மணி நேரம் ஆகலாம். கூடலூரில் அதே பாடு ஆடியில். கரண்ட் போனதும் ஃபைலைச் சேமித்து அணைத்தால் போதுமா, வேலையைத் தொடர வேண்டுமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அணைத்தால் போதும் என்றால் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) யூபிஎஸ் சரி. அதிலுள்ள 12 வோல்ட், 7 ஏஎச் (ஆம்பியர்-மணி, அதாவது கொள்ளளவு) பேட்டரி, 150 வாட் இழுக்கும் டெஸ்க்டாப்பைப் பத்து நிமிடம் தாங்கினால் அதிகம். லேசர் பிரிண்டரை மட்டும் அதில் செருகாதீர்கள்.

வேலையைத் தொடர வேண்டுமென்றால் போட்டி டியூபுலர் எனப்படும், தண்ணீர் ஊற்றும் ஈய-அமில பேட்டரிக்கும் லித்தியம் பேட்டரிக்கும்தான்.

வீட்டுக் கரண்ட் போலவே சீரான மின்சாரம் தரும் சைன் வேவ் இன்வெர்ட்டரோடு 150 ஏஎச் டியூபுலர் வைத்தால் அதே டெஸ்க்டாப் ஆறேழு மணி நேரம் ஓடும். இன்வெர்ட்டரை யூபிஎஸ் மோடில் வையுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் மாறும் நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும். குளிரில் பேட்டரி சீக்கிரம் கெட்டுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். ஊட்டியின் தை மாதப் பனி இரவில் அதன் கொள்ளளவு ஐந்தில் ஒரு பங்கு குறையலாம், உண்மைதான். ஆனால் ஈய-அமில பேட்டரியின் ஆயுளைத் தின்பது வெயில். வெப்பம் 10 டிகிரி ஏறினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். அந்த வகையில் சமவெளியைவிட மலையில்தான் அது நீண்ட நாள் உழைக்கும். டிஸ்டில்ட் வாட்டர் அளவை மாதமொருமுறை பாருங்கள், முனைகளில் வாசலின் தடவுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். குளிருக்குப் பயந்து ஜன்னலையெல்லாம் சாத்தி, கணப்புச் சட்டியும் மூட்டும் அறையில் இதை வைக்கவே கூடாது. காற்றோட்டமான வராந்தாதான் இதற்கு இடம்.

இன்வெர்ட்டருக்கு வரும் லித்தியம் வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டுக்கு நேர்மாறாக வீட்டுக்குள்தான் இடம். பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெடும். உறைபனி விழும் வராந்தா ஆகாது. தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை, எடையும் குறைவு, ஆயுளும் அதிகம். விலைதான் கடிக்கும். இன்வெர்ட்டரில் லித்தியம் செட்டிங் இருக்கிறதா என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

வராந்தா உள்ள சொந்த வீட்டுக்கு என் ஓட்டு டியூபுலருக்கே. மாடியில் ஒற்றை அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் காசு சேர்த்தாவது லித்தியம் வாங்கலாம். லேப்டாப்காரர்களுக்கு இரண்டுமே தேவையில்லை; ரவுட்டருக்கு ஒரு மினி யூபிஎஸ் போதும். ரவுட்டர் அடாப்டரில் 9 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள்.