வீட்டோவோடு நின்றுபோன அதிபர் காமிக்ஸ்

அமெரிக்க அதிபர்களைப் பற்றிய அந்தச் சிரிப்பு காமிக்ஸ் பாதி விலைக்கு வந்திருக்கிறதாம், வாங்கலாமா என்று தமிழ்ப் பள்ளித் தோழிகள் கேட்கிறார்கள். மகள் இரண்டாம் வகுப்பில் இருந்தபோது வாங்கினோம். இப்போது ஐந்தாம் வகுப்பு. முதுகு விட்டுப்போய் டேப் போட்டு ஒட்டியிருக்கிறோம், அந்த அளவுக்குப் புரட்டியாயிற்று.

நல்லதை முதலில் சொல்கிறேன். சிரிப்பு வலிந்து திணித்ததாக இல்லை, ஆட்சிமுறைக்குள்ளேயே இருக்கும் வேடிக்கையைத்தான் எடுத்திருக்கிறார்கள். 1789-இல் முதல் அதிபர் வாஷிங்டனை எப்படி அழைப்பது என்று நாடாளுமன்ற மேலவையான செனட் வாரக்கணக்கில் மல்லுக்கட்டியது. ‘மேன்மைதங்கிய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அதிபர், அவற்றின் சுதந்திரங்களின் காவலர்’ என்று ஒரு குழு பட்டம் எழுதிக் கொடுத்தது. காமிக்ஸில் அந்தப் பட்டம் பேச்சுக்குமிழி நிறைந்து வழிந்து, வாஷிங்டனைக் கட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுகிறது.

உச்சம் என்றால் ‘பாக்கெட் வீட்டோ’ பக்கம்தான். வீட்டோ என்றால் மசோதாவை அதிபர் மறுப்பது. காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றம், நிறைவேற்றிய மசோதா கைக்கு வந்தால் அதிபருக்கு 10 நாள் அவகாசம், ஞாயிறு கணக்கில் வராது. கையெழுத்தும் போடாமல் திருப்பியும் அனுப்பாமல் இருந்தால் அது தானாகச் சட்டமாகிவிடும். அதற்குள் காங்கிரஸ் கூட்டத்தொடரை முடித்துக் கலைந்துவிட்டால் மசோதா செத்தது, அதுதான் பாக்கெட் வீட்டோ. இதைச் சொல்ல நாலே கட்டங்கள். வால்கோட்டு போட்ட அதிபர் நாள்காட்டியைக் கிழிக்கிறார், ஞாயிறு வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுகிறார். சன்னலுக்கு வெளியே உறுப்பினர்கள் பெட்டி படுக்கையோடு ரயிலேறுகிறார்கள். கடைசிக் கட்டத்தில் கோட்டுப் பை புடைத்திருக்க, மசோதாவின் நுனி மட்டும் எட்டிப் பார்க்கிறது. ஏழு வயதுக் குழந்தைக்கு நான் ஒரு வரி விளக்க வேண்டியிருக்கவில்லை. அறையை ஒழிக்கச் சொல்லிச் சீட்டு எழுதிக் கொடுத்தால் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, “பாக்கெட் வீட்டோம்மா!” என்று ஓடுவாள். “நானும் அம்மாவும் ஊருக்குப் போகலையே கண்ணு, அப்போ 10 நாள்ல அது தானா சட்டமாயிடும்ல?” என்று அவள் அப்பா கேட்க, அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். பாடப் புத்தகத்தால் இது முடியாது.

இவ்வளவு நன்றாகச் செய்யத் தெரிந்தவர்கள் அடுத்த பக்கத்தில் செய்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. திருப்பினால் நாய்க்குட்டி. வெள்ளை மாளிகைச் செல்லப் பிராணிகள் ஆரம்பமாகிவிடுகின்றன! வீட்டோ போட்டபின் என்ன ஆகும் என்பது புத்தகம் முழுக்கத் தேடினாலும் இல்லை. பாக்கெட் வீட்டோ என்றால் காங்கிரஸ் மறுபடி முதலிலிருந்து மசோதா கொண்டுவர வேண்டியதுதான். திருப்பி அனுப்பிய மசோதா அப்படியல்ல. இரு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு விழுந்தால் அதிபர் மறுத்திருந்தாலும் அது சட்டமாகும். அரசியலமைப்பில் வீட்டோ இருக்கும் அதே இடத்தில்தான் இதுவும் இருக்கிறது. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் 635 வீட்டோக்களை ரப்பர் ஸ்டாம்பு மலையாக வரைந்தவர்கள், அவற்றில் 9 முறியடிக்கப்பட்டதைச் சொல்லவில்லை. ஆண்ட்ரூ ஜான்சனுக்கு அவர் தையற்காரராக இருந்ததைப் பற்றி ஒரு ஜோக், அவ்வளவுதான். அவருடைய வீட்டோக்களில் 15 முறியடிக்கப்பட்டன, வேறெந்த அதிபருக்கும் அத்தனை இல்லை.

அதில் ஒன்று எங்கள் வீட்டுச் சங்கதி. 1866 குடிமை உரிமைகள் சட்டம் (Civil Rights Act). இந்த மண்ணில் பிறந்தவர்கள், நேற்றுவரை அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்கள் உட்பட, குடிமக்கள் என்றது அது. (பூர்வகுடிகளில் பெரும்பாலோரை அப்போதும் வெளியே நிறுத்தினார்கள், அந்த வேதனை தனி.) ஜான்சன் வீட்டோ போட்டார். ஏப்ரல் 6-ஆம் தேதி செனட்டில் 33–15, வேண்டியதைவிட ஒரே ஓட்டு கூடுதல். 9-ஆம் தேதி பிரதிநிதிகள் சபையில் 122–41. சட்டமாயிற்று. அதையே 1868-இல் 14-ஆவது திருத்தம் அரசியலமைப்புக்குள் வைத்தது. இங்கே அமெரிக்காவில் பிறந்த என் மகள் இந்நாட்டுக் குடிமகளாக இருப்பது அந்த வரியால்தான். அப்படிப்பட்ட காங்கிரஸ் இந்தக் காமிக்ஸில் வருகிற இடமெல்லாம் குறட்டை விடும் தாத்தாக்கள் கூட்டம்.

படம் மனசில் ஒட்டிக்கொள்ளும், அதுதான் பிரச்சினை. செய்தி ஓடும்போது, “பிரசிடென்ட் வேணாம்னுட்டா அவ்ளோதானேம்மா?” என்று கேட்டாள். புத்தகம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்தது அது. காகிதத்தில் மூன்று தலை வரைந்து, அம்மாவும் அப்பாவும் சேர்ந்தால் மூன்றில் இரண்டு, நீ மறுத்தாலும் செல்லும் என்று காட்டினேன். உடனே பிடித்துக்கொண்டாள். இரண்டு கட்டத்தில் முடிகிற விஷயம்.

பதிப்பகத்துக்கு எழுதிப் போட்டேன், அடுத்த பதிப்பில் கவனிக்கிறோம் என்று பதில் வந்தது. புதிய பதிப்பை நூலகத்தில் பார்த்தேன். அட்டை மாறியிருக்கிறது, நாய்க்குட்டிக்குக் கூடுதலாக ஒரு பக்கம், குறட்டை அப்படியே.

ஆகவே பாதி விலைக்கும் வேண்டாம். நூலகத்தில் எடுத்து, பாக்கெட் வீட்டோ பக்கத்தைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து வாசியுங்கள், 1866 கதையை நீங்களே சொல்லுங்கள். அந்த இரண்டு கட்டங்களைச் சேர்த்து ஒரு பதிப்பு வரட்டும், முழு விலை கொடுத்து எங்கள் தமிழ்ப் பள்ளிக்கும் சேர்த்து நானே வாங்குகிறேன்.