404 பக்கமும் தொகுப்புப் பக்கமும்: பேஜ் பில்டரா, சைட் எடிட்டரா?

"தம்பி, என் பக்கத்துல என் படத்தைக் காணோமே. பேருக்கு முன்னால 'ஆத்தர்'னு இங்கிலீஷ்ல வேற போட்டிருக்கு." மூத்த எழுத்தாளர் ஒருவர் போனில் இப்படிக் கேட்ட பிறகுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. பக்கம் கெட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது.

நண்பர்கள் சேர்ந்து நடத்தும் சிறிய இலக்கியத் தளம் அது. வேர்ட்பிரஸில் ஓடுகிறது. அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள், நாற்பது பேர் எழுதுகிறார்கள், டெக்னிக்கல் வேலை மொத்தமும் என் தலையில். எழுத்தாளர் பக்கம், பகுப்புப் பக்கம் (பதிவுகளைத் தொகுத்துக் காட்டும் இவைதான் தொகுப்புப் பக்கங்கள்), இல்லாத முகவரிக்கு வந்தவருக்குக் காட்டும் 404 பக்கம் எல்லாவற்றையும், நிரல் எழுதாமல் பக்கம் வடிவமைக்க உதவும் ஒரு பேஜ் பில்டரைக் காசு கொடுத்து வாங்கி, அதன் தீம் பில்டரில் செய்து வைத்திருந்தேன். எலிமென்டர் ப்ரோ, டிவி (Divi), பீவர் தீமர் என்று இந்த வகையில் பல இருக்கின்றன. என்னிடம் இருந்தது எது என்பது இங்கே முக்கியமில்லை, ஏனென்றால் தப்பு என்னுடையது. சந்தாவைப் புதுப்பிக்காமல் எட்டு மாதம் விட்டுவிட்டேன். ஹோஸ்டிங்கில், வேர்ட்பிரஸ் எழுதப்பட்ட மொழியான பிஎச்பியின் பதிப்பை ஏற்றிய அன்று தளம் வெள்ளைத் திரையானது. எல்லாரும் செய்வதைப் போலப் பிளகின்களை (கூடுதல் வசதிக்காகச் சேர்க்கும் துணை நிரல்களை) ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தேன். பில்டரை அணைத்ததும் தளம் திரும்பி வந்தது. முகப்பைத் திறந்தேன், நான்கு பதிவுகளைத் திறந்தேன், எல்லாம் சரி என்று தூங்கப் போய்விட்டேன்.

தளத்தை நடத்துகிறவன் 404 பக்கத்தைத் திறந்து பார்ப்பதே இல்லை. தொகுப்புப் பக்கமும் ஏறக்குறைய அப்படித்தான். பதிவு உடைந்தால் அன்றைக்கே நான்கு பேர் சொல்வார்கள். இவை உடைந்தால் வந்தவர் பேசாமல் போய்விடுவார், நமக்குத் தகவலே வராது. அதனால் இந்தப் பக்கங்களுக்கு மட்டும் அழகு, வசதி, விலை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே கேள்வியைத்தான் வைப்பேன்: இதைச் செய்த பிளகின் நாளைக்கு நின்றால் என்ன மிஞ்சும்?

பேஜ் பில்டரில் மிஞ்சுவது கொஞ்சம்தான். சாதாரணப் பதிவை அதில் வடிவமைத்திருந்தால் பிளகினை எடுத்த பிறகும் எழுத்தாவது ஏதோ ஒரு வடிவில் நிற்கும். டெம்ப்ளேட், அதாவது ஒரு வகைப் பக்கம் எல்லாவற்றுக்குமான பொது வடிவம், அப்படியில்லை. 'இந்தப் பகுப்புக்கு இந்த வடிவம், 404க்கு அந்த வடிவம்' என்ற ஏற்பாட்டையே நடத்துவது பிளகின்தான். அதை அணைத்தால் வேர்ட்பிரஸ் தன் பழைய வரிசைப்படி, தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்குள் கோப்பு தேடும். பகுப்பு என்றால் அந்தப் பகுப்பின் பெயரிலுள்ள கோப்பு, பிறகு பொதுவான பகுப்புக் கோப்பு, பிறகு ஆர்க்கைவ், கடைசியில் இன்டெக்ஸ். கிடைத்ததைக் காட்டும். எங்கள் தீமில் கிடைத்தது ஆங்கிலத் தலைப்போடு ஒரு மொட்டைப் பட்டியல்.

அதற்குப் பிறகு, டெம்ப்ளேட்டும் பிளாக் என்ற துண்டுகளால் ஆன பிளாக் தீமுக்கு மாறினேன். 2022 ஜனவரியில் வந்த வேர்ட்பிரஸ் 5.9 முதல், இந்த டெம்ப்ளேட்டுகளை மாற்ற உதவும் சைட் எடிட்டர் உள்ளேயே இருக்கிறது. அந்த ஆண்டு நவம்பரில் வந்த 6.1இல், ஒரு குறிப்பிட்ட பகுப்புக்கோ ஒரு குறிப்பிட்ட எழுத்தாளருக்கோ தனி டெம்ப்ளேட் போடும் வசதியும் சேர்ந்தது. பதிவு எழுதும் அதே பிளாக்குகளை வைத்தே 404 பக்கத்தையும் கட்டலாம். பிளகின் எதுவும் தேவையில்லை, அதனால் அணைந்துபோக எதுவும் இல்லை. எனக்கு அது போதும்.

கட்டும்போது நான் மாட்டிக்கொண்ட இடத்தைச் சொல்கிறேன். தொகுப்பு டெம்ப்ளேட்டில் பதிவுப் பட்டியலுக்கு 'குவெரி லூப்' என்ற பிளாக். அதில் எந்தப் பதிவுகளை எடுக்க வேண்டும் என்ற தேர்வு இருக்கிறது. 'டீஃபால்ட்' என்று வைத்தால் கவிதைப் பகுப்பில் கவிதை வரும், கட்டுரைப் பகுப்பில் கட்டுரை வரும். 'கஸ்டம்' என்று வைத்தால் எந்தப் பகுப்பைத் திறந்தாலும் அதே கடைசிப் பத்துப் பதிவுகள்தான். நான் கஸ்டமில் வைத்துவிட்டு பழைய பக்கத்தைச் சேமித்து வைத்துக் காட்டும் கேச்சை அரைமணி நேரம் திட்டிக்கொண்டிருந்தேன். பேஜ் பில்டர்களிலும் இதே பள்ளம் உண்டு, எலிமென்டரில் டீஃபால்டுக்குப் பெயர் 'கரன்ட் குவெரி'. டீஃபால்டில் வைத்தால் ஒரு பக்கத்துக்கு எத்தனை பதிவு என்பது இந்தப் பிளாக்கில் இருக்காது. 'ரீடிங்' செட்டிங்ஸில்தான் மாற்ற வேண்டும்.

'கேட்டகிரி: சிறுகதை' என்று இரண்டு மொழி ஒட்டி நிற்கும் தலைப்பு எனக்குப் பெரிய உறுத்தல். தலைப்பு பிளாக்கில் ஒரு பொத்தானை அணைத்தால் 'சிறுகதை' மட்டும் நிற்கும். பழைய தீமில் இதற்கு ஃபில்டர் என்ற சிறு நிரல் எழுத வேண்டும்.

சரி, 404க்கு ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும்? தமிழ்த் தளம் நடத்துகிறவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பதிவின் முகவரியில் தலைப்புப் பகுதிக்கு வேர்ட்பிரஸ் ஒதுக்கும் நீளம் 200 இடம். தமிழ்த் தலைப்பை அப்படியே முகவரியாக விட்டால், ஒவ்வொரு எழுத்துக்குறியும் சதவீதக் குறிகளாக மாறி 9 இடம் பிடிக்கும். 'கி' என்பது ககரம் ஒன்று, இகரக் குறி ஒன்று, ஆக 18. 'மழைக்காலக் குறிப்புகள்' என்ற இரண்டு சொல்லுக்கே நடுவிலுள்ள கோட்டையும் சேர்த்து 190 ஆகிவிடுகிறது. மூன்றாவது சொல் இருந்தால் அதன் முதல் எழுத்தோடு வெட்டு விழும். இந்த நீளமான சதவீதக் கயிற்றை யாராவது காப்பி செய்து அனுப்பும்போது பாதியில் அறுந்தால் இணைப்பு போச்சு. முகவரியின் தொடக்கம் பொருந்தினால் வேர்ட்பிரஸ் தானாக ஊகித்துச் சரியான பதிவுக்கு அனுப்பப் பார்க்கும், ஆனால் எல்லாச் சமயமும் அது கைகொடுப்பதில்லை. இப்போது புதுப் பதிவுகளுக்குச் சின்ன ஆங்கில முகவரி கொடுக்கிறேன். பழைய நானூறுக்கு 404 பக்கம்தான் கதி. அதில் ஒரு தேடல் பெட்டி, எழுத்தாளர் பெயர்கள், 'இணைப்பு பாதியில் அறுந்திருக்கலாம், தலைப்பில் ஒரு சொல்லைத் தட்டிப் பாருங்கள்' என்று ஒரு வரி. வேறெதுவும் வைக்கவில்லை.

வைக்காததற்கும் காரணம் உண்டு. பழைய 404 பக்கத்தில் படங்களோடு ஓடும் 'அண்மைப் பதிவுகள்' வரிசை வைத்திருந்தேன். சர்வர் லாகைத் திறந்து பார்த்தபோது அங்கே வந்தவர்களில் மனிதர்கள் கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் தளத்தில் ஓட்டை தேடும் தானியங்கி நிரல்களான பாட்கள். போதாததற்கு, பதிவில் ஒரு படம் காணாமல் போயிருந்தால் அந்தப் படத்துக்கான கோரிக்கைக்கும் வழக்கமான அப்பாச்சி அமைப்பில் வேர்ட்பிரஸ்தான் பதில் சொல்கிறது. ஒரு ஜேபெக் இல்லாததற்கு முழு 404 பக்கமும் தயாராகும். பல கேச் பிளகின்கள் 404ஐச் சேமிப்பதில்லை என்பதால் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸ் வரை போய்வர வேண்டும். இந்தப் பக்கம் எவ்வளவு மெலிவோ அவ்வளவு நல்லது.

சைட் எடிட்டரிலும் குறை இருக்கிறது. நாம் மாற்றிய டெம்ப்ளேட் டேட்டாபேஸில், அந்தத் தீமின் பெயரோடு கட்டுண்டு கிடக்கும். தீமை மாற்றினால் கண்ணில் படாது. அதாவது பில்டர் விஷயத்தில் நான் சொன்ன அதே புகார் இங்கேயும் கொஞ்சம் பொருந்தும். ஆனால் வெளியே எடுக்க வழி இருக்கிறது. எடிட்டரிலேயே எக்ஸ்போர்ட் கொடுத்தால் தீம் முழுவதும் ஒரு ஜிப்பாக வரும், அதற்குள் 404 ஒரு தனி எச்டிஎம்எல் கோப்பு. நோட்பேடில் திறந்தால் நான் எழுதிய தமிழ் வரி அப்படியே தெரிகிறது. வேர்ட்பிரஸ் தரப்பிலிருந்தே வரும் 'கிரியேட் பிளாக் தீம்' பிளகினைப் போட்டால் மாற்றங்களைத் தீம் கோப்பிலேயே எழுதிவிடலாம், எழுதிய பிறகு அதை நீக்கிவிடலாம். இன்னொரு குறை: மொபைலில் ஒன்று, கணினியில் ஒன்று என்று நுணுக்கமாக மாற்ற பில்டரில் இருக்கும் சுகம் இதில் இல்லை. எழுத்தாளர் படத்தை நான் நினைத்த இடத்தில் கொண்டுவர ஒரு சிறு ஷார்ட்கோடு (பக்கத்துக்குள் செருகும் நிரல்துண்டு) எழுத வேண்டியதாயிற்று.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய வகைத் தீம், 404 மட்டும்தான் மாற வேண்டும் என்றால் '404பேஜ்' என்ற இலவசப் பிளகின் போதும். சாதாரணமாக ஒரு பக்கம் எழுதி, அதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. உண்மையான 404 நிலைக் குறியையே அனுப்புகிறது, ரீடைரக்ட் செய்வதில்லை. பிஎச்பி தெரிந்தவர்கள், மூலத் தீமைத் தொடாமல் அதன்மேல் வைக்கும் சைல்ட் தீமில் இரண்டு கோப்பு எழுதிவிட்டால் பல வருடம் தொடவே வேண்டாம். நேராக மூலத் தீமின் கோப்பிலேயே எழுதிவிடாதீர்கள், அடுத்த அப்டேட்டில் துடைத்துப் போய்விடும். தவறான முகவரி எல்லாவற்றையும் முகப்புக்குத் திருப்பிவிடும் பிளகின்கள் மட்டும் வேண்டவே வேண்டாம். கூகுள் அதை 'சாஃப்ட் 404', அதாவது பக்கம் இல்லாததை ஒளிக்கும் பதில், என்றுதான் எடுத்துக்கொள்ளும். வந்தவருக்கோ தான் தேடிய கதை எங்கே போனது என்றே புரியாது.

என் அனுபவம் ஒரே தளத்தில், பதினான்கு மாதம். வூகாமர்ஸ் கடைப் பக்கங்களில் இதைச் செய்து பார்த்ததில்லை. தளம் முழுவதையும் ஏற்கெனவே பேஜ் பில்டரில் கட்டி, சந்தாவையும் தவறாமல் கட்டுகிறவரிடம், இந்த இரண்டு பக்கத்துக்காக மட்டும் தீமை மாற்றச் சொல்ல மாட்டேன். அங்கே பில்டர் நின்றால் எல்லாமே நிற்கும், அது உடனே கண்ணில் பட்டுவிடும்.

அப்புறம், மாதம் பிறந்ததும் போனில் எங்கள் தள முகவரியோடு வாய்க்கு வந்த நான்கு எழுத்தைச் சேர்த்துத் தட்டிப் பார்க்கிறேன். பிறகு அந்த எழுத்தாளரின் பக்கத்தையும் திறக்கிறேன். படம் வந்துவிட்டது என்று சொன்னதற்கு, "அது பத்து வருஷத்துக்கு முந்தின படம் தம்பி, வேற அனுப்புறேன்" என்றார். இன்னும் அனுப்பவில்லை.