மஞ்சள் கரிசலாங்கண்ணியை எதில் பதிவது: ஹெர்பேரியமா, செயலியா, கட்டமா?

நாட்டுச் செடிகளும் வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளும் எங்கெங்கே இருக்கின்றன என்று குறித்துவைக்க மூன்று வழிகள் உண்டு. பறித்து அழுத்தி, உலர்ந்த செடிகளைத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் ஹெர்பேரியத்தில் சேர்க்கலாம். ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான செயலியில் படம் ஏற்றலாம். வரைபடத்தைக் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் இருக்கும் எல்லாச் செடியையும் எழுதலாம். எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒரு செடியை வைத்துப் பார்ப்போம்.

மஞ்சள் கரிசலாங்கண்ணி, ஈரமான இடங்களில் படரும் நாட்டுச் செடி. கீரைக்கும் மருந்துக்கும் பயன்படுவது. அதே பேரினத்தில் இன்னொன்று அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து அழகுக்காக வந்தது. பூங்காவில் தரையை மூட நட்டார்கள். இப்போது வாய்க்கால் கரையில் தானாகப் படர்கிறது. இரண்டிலும் மஞ்சள் பூ. இலையைப் பார்த்தால்தான் பிடிபடும். அயல் செடியின் இலை தடித்துப் பளபளக்கும், பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்றாக மடல் பிரிந்து மூன்று முனையாகத் தெரியும். நாட்டுச் செடியின் இலை குறுகி நீண்டிருக்கும், அப்படிப் பிரியாது. இணையத்தில் மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று போடப்படும் படங்களில் பல இந்த அயல் செடிதான்.

செயலியின் சிக்கல் இங்கேயே தொடங்குகிறது. முக்கால்வாசிப் பேர் பூவை மட்டும்தான் படமெடுப்பார்கள், இலை ஓரத்தில் மங்கலாகக் கிடக்கும். ஐநேச்சுரலிஸ்டில் படம், தேதி, இடம் மூன்றும் இருந்து, பெயர் சொன்னவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஒத்துப்போனால் பதிவுக்கு 'ஆய்வுத்தரம்' என்ற முத்திரை கிடைத்துவிடும். இருவர் போதும், இருவருமே தவறாகச் சொன்னாலும்! இன்னொன்று, வளர்ப்புச் செடி என்று குறிக்க அங்கே வசதி இருக்கிறது. பலர் அதைத் தொடுவதில்லை. பூங்காப் பாத்தியில் நட்டதும் வாய்க்காலில் தானாக வந்ததும் வரைபடத்தில் ஒரே மாதிரி புள்ளிகளாக நிற்கும். அயல் செடிகளைப் பொறுத்தவரை நமக்குத் தெரியவேண்டியதே அந்த வித்தியாசம்தான்.

ஆனாலும் செயலியைத் தள்ளிவைக்க மாட்டேன். படம் அங்கேயே இருக்கும். பத்து வருடம் கழித்து விவரம் தெரிந்த ஒருவர் வந்து பெயரைத் திருத்தலாம். புதிதாக ஒரு களை ஊருக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவதும் பெரும்பாலும் இங்கேதான். அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சரியான இடத்தை அது மறைத்துக் காட்டுவதும் நல்லதே. இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் என்ற இணையதளமும் ஏறக்குறைய இதே வகை என்பதால் தனியாகப் பேசவில்லை.

ஹெர்பேரியத்தின் பலம் வேறு. கோவையில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்திலோ திருச்சி புனித ஜோசப் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியத்திலோ ஒரு தாளை எடுத்தால் இலை, காய், ரோமம் எல்லாவற்றையும் லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். பூவின் நிறம் போயிருக்கும். அதனால்தான் சேகரித்த இடம், தேதியோடு நிறத்தையும் சீட்டில் எழுதச் சொல்கிறார்கள். போன் வராத காலத்துக்குப் போக வேண்டுமானால் இதை விட்டால் கதியில்லை. ஆனால் சேகரிப்பவர்கள் மலையேறி அபூர்வமானதைத் தேடினார்கள். பேருந்து நிலையத்துக்குப் பின்னால் முளைத்த களையைப் பறித்தவர்கள் குறைவு. குறிப்பிட்ட ஒரு வருடத்துக்கு முந்தைய தாள் ஒரு செடிக்கு இல்லை என்பதால், அதற்கு முன் அந்தச் செடியே இங்கே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

இரண்டிலும் இல்லாத ஒன்று கட்ட முறையில் இருக்கிறது: தேடியும் கிடைக்கவில்லை என்ற தகவல். பிரிட்டனில் 1950களிலேயே நாட்டை 10 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துப் பட்டியல் போட்டார்கள். 1962இல் முதல் அட்லஸ், 2002இல் அடுத்தது, 2023இல் மூன்றாவது. அந்த மூன்றாவது அட்லஸில் பதிவான 3,445 இனங்களில் 1,753 அயல் இனங்கள், 1,692 உள்ளூர் இனங்கள். அதே கட்டங்களுக்குத் திரும்பத் திரும்பப் போனதால்தான் எது பெருகியது, எது குறைந்தது என்று அவர்களால் சொல்ல முடிகிறது.

அதே அளவுக் கட்டம் போட்டால் தமிழ்நாட்டுக்குச் சுமார் 1,300 வரும். மலைப்பாக இருக்கிறதா? பக்கத்துக் கேரளத்தில் 2015 முதல் 2020 வரை தன்னார்வலர்கள் கட்டம் போட்டு மாநிலம் முழுக்கப் பறவைகளை எண்ணி முடித்தார்கள். செடிக்குக் கூடுதல் கஷ்டம் ஒன்று உண்டு. கோரையையும் புல்லையும் பெயர் சொல்லத் தெரிந்தவர் கூடவே வரவேண்டும், இல்லையென்றால் பட்டியலில் அழகான பூக்கள்தான் இருக்கும். பருவமும் முக்கியம். மே மாதத்தில் போனால் பாதிக் கட்டம் கட்டாந்தரையாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழை முடிந்ததும் ஒரு தடவை, ஆடியை ஒட்டி ஒரு தடவை என்று குறைந்தது இரண்டு தடவையாவது போகவேண்டும்.

என் ஓட்டு கட்டத்துக்குத்தான். வீட்டைச் சுற்றி ஒரு கிலோமீட்டர் கட்டம் எடுத்தால்கூடப் போதும். சந்தேகம் வரும் செடியை இலை, தண்டு, பூ எல்லாம் தெரியும்படி படமெடுத்துச் செயலியில் ஏற்றுங்கள். அதிலும் தீரவில்லை என்றால் அப்புறம் ஒரு கிளையை அழுத்தி அருகிலுள்ள ஹெர்பேரியத்தில் கொடுங்கள். காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் பறிக்கக் கூடாது, படத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பட்டியலில் 'நட்டது', 'தானாக வந்தது', 'தெரியவில்லை' என்று மூன்று பத்திகள் இருக்கட்டும். நாட்டுச் செடியா அயலா என்பதற்கு வேறொரு பத்தி. பிரிட்டனில் 1500க்கு முன் வந்ததைப் பழைய வரவு என்றும், பின் வந்ததைப் புது வரவு என்றும் பிரிக்கிறார்கள். நமக்கும் அந்தக் கோடு பெரும்பாலும் பொருந்தும்: பார்த்தீனியம், உண்ணிச்செடி, சீமைக்கருவேலம் எல்லாமே அமெரிக்காவிலிருந்து அதற்குப் பிறகு வந்தவை. புளியமரம் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, ஆனால் வந்து எத்தனையோ நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. அதைப் பழைய வரவில் போடுங்கள். ஊர்ப் பெரியவர் யாராவது சண்டைக்கு வந்தால் ராமநாதபுரம் பக்கத்துப் பொந்தன்புளியையும் (பாவோபாப் மரம்) காட்டலாம், அதுவும் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததுதான்.