ஈயம் பூச மூன்று நடை

காரைக்குடியில், பழைய சாமான் கடைகள் வரிசையாக இருக்கும் முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து கொஞ்சம் தள்ளி, ஒரு சந்தில் இருக்கிறது இந்த ஈயம் பூசும் பட்டறை. போர்டு கிடையாது. வேலை சுத்தம். சொன்ன நாளை மட்டும் நம்பாதீர்கள்.

வீடுகளில் சாமான்களை எவ்வளவு காலம் வைத்துப் புழங்குகிறார்கள் என்பதுதான் என் முனைவர் பட்ட ஆய்வு. "இந்தப் பாத்திரம் எப்போது வாங்கியது?" என்று கேட்டதும் கானாடுகாத்தான் ஆச்சி ஒருவர் சிரித்துவிட்டார்கள். "வாங்குறதாவது! என்னை வேறு வச்சப்போ குடுத்தது." வேறு வைப்பது என்றால், கல்யாணமானவர்களுக்குத் தனிச் சமையல் வைத்துக் கொடுப்பது. ஒரே வீட்டுக்குள் கல்யாணமான ஒவ்வொரு புள்ளிக்கும், அதாவது தம்பதிக்கும், தனி அடுப்பு என்பதால், கேள்வித்தாளில் 'குடும்பம்' என்று நான் போட்டிருந்த கட்டமும் அங்கேயே அடிபட்டது. கிளம்பும்போது ஈயம் போன பித்தளைச் சட்டியைக் கையில் கொடுத்து, "காரைக்குடிக்குத்தானே போறே, பூசிட்டு வா" என்றார்கள்.

பூசக் கொடுக்கும் முன் வெள்ளீயமா (டின்) காரீயமா (லெட்) என்று கேட்டுவிடுங்கள். காரீயம் விஷம். பட்டறைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. ஈயக் குச்சியை என் நோட்டில் தேய்த்துக் காட்டினார், கறுப்புக் கோடு விழவில்லை. காரீயமாக இருந்தால் பென்சில் மாதிரி எழுதுமாம். பிறகு அதைக் காதருகே வைத்து வளைத்தார், கறுக்கென்றது. கொஞ்சம் கலந்திருந்தால் இதிலெல்லாம் தெரியாது என்பதையும் அவரே சொன்னார்.

சட்டி கரி அடுப்பில் காய்ந்ததும் ஈயம் ஒட்டுவதற்காக நவச்சாரம் என்ற உப்பைத் தூவினார். வெள்ளைப் புகை கிளம்பியது, தள்ளியே நில்லுங்கள். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். குச்சி பட்ட இடமெல்லாம் பளபளவென்று ஓட, பஞ்சால் ஒரே சுழற்று. மஞ்சள் அடி கண்ணெதிரே வெள்ளியானது. தண்ணீரில் முக்கினார், சுர்ர். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இதற்குத்தான் மூன்று நடை நடந்தேன்.

450 ரூபாய், ரசீது கிடையாது. கழுத்து மடிப்பில் விரற்கடை அளவு விட்டுப்போயிருந்தது. காட்டியதும் மறுபேச்சில்லாமல் பூசிக் கொடுத்தார். வெளிப்புறம் கறுத்திருந்தது, அதைப் புளி போட்டுத் தேய்ப்பது நம் பாடு. பக்கத்தில் நின்ற ஒருவர், எடைக்குப் போட்டால் எவர்சில்வர் தருகிறேன் என்றார், ஆச்சியின் பெயரெழுத்து வெட்டியிருந்த இடத்தைத் தடவிக்கொண்டே.

அன்று மதியமே ஆச்சி அதில் புளிக்குழம்பு வைத்து எனக்கு ஊற்றினார்கள். களிம்பு வாடை துளியும் இல்லை. உப்புத்தான் கொஞ்சம் தூக்கல்.