மேலே கும்பகோணம், உள்ளே சென்னை: ஒருவழியாகச் சரிசெய்துவிட்டார்கள்

நாலு நட்சத்திரம். போன அப்டேட் வரைக்கும் ஒன்றுதான் கொடுத்திருந்தேன்.

இந்தப் பஞ்சாங்க ஆப்பில் உதயம், அஸ்தமனம் இரண்டும் தப்பு என்று சொன்னால் எங்கள் வீட்டிலேயே யாரும் நம்பவில்லை. மார்கழியில் பார்த்த மாமா, "காலை நேரம் சரியாத்தானேடா இருக்கு" என்றார். ஆனியில் பார்த்த சித்தப்பா, சாயங்காலம் நிமிஷம் பிசகாமல் இருக்கிறது என்றார். இரண்டு பேர் சொன்னதும் உண்மை, கோளாறே அதில்தான் ஒளிந்திருந்தது.

ஊர்ப் பட்டியலில் கும்பகோணத்தைத் தேர்ந்தெடுத்தால் மேலே பெயர் மட்டும் மாறும், கணக்கு சென்னைக்கே நடக்கும். போர்டை மட்டும் மாற்றிவிட்டு பழைய ரூட்டிலேயே ஓடும் பஸ் மாதிரி. சென்னை நமக்குக் கிழக்கே கிட்டத்தட்ட 0.9 பாகை தள்ளி இருக்கிறது, பாகைக்கு 4 நிமிஷம் என்று வைத்தால் அங்கே வருஷம் முழுக்க எல்லாமே மூன்றரை நிமிஷம் முந்தி நடக்கும். அது மட்டும் என்றால் யாராவது சீக்கிரமே கண்டுபிடித்திருப்பார்கள். சென்னை 2 பாகை வடக்கிலும் இருக்கிறதே! அதனால் மார்கழியில் அங்கே பகல் நம்மைவிட ஏழெட்டு நிமிஷம் குறைவு, ஆனியில் அதே அளவு அதிகம். விளைவு என்ன? டிசம்பர் 21 காலையில் இரண்டு வித்தியாசமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு இரண்டு ஊருக்கும் 6.26 என்றே வரும், சாயங்காலம் ஒன்றோடொன்று சேர்ந்து சென்னைக்கு 5.48, நமக்கு 5.55 ஆகிவிடும். ஜூன் 21 அன்று அப்படியே தலைகீழ்: அஸ்தமனம் இரண்டு ஊருக்கும் ஏறக்குறைய 6.37, உதயம் மட்டும் 5.44க்கும் 5.51க்கும் இடையே உதைக்கும். ஒரு வேளையை மட்டும் பார்த்துவிட்டு ஓகே சொன்னால் இந்தத் தப்பு கண்ணில் படவே படாது.

ஏழு நிமிஷத்தில் என்ன போயிற்று என்று கேட்பவர்கள், தினசரி காலண்டரில் திங்கள் என்றால் 7.30–9 ராகுகாலம் என்று பார்த்துவிட்டுப் போகிறவர்கள், அவர்களுக்கு ஒன்றும் இல்லைதான். ஆனால் கூத்தாநல்லூர் நண்பர் இதே கம்பெனியின் தொழுகை நேர ஆப்பை வைத்திருந்தார், அதிலும் இதே கணக்கு. நோன்பு மாசியில் வரும் வருஷம், சென்னை மஃரிபை (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை நேரத்தை) நம்பி நோன்பு திறந்தால் கூத்தாநல்லூரில் சூரியன் இறங்க இன்னும் நாலைந்து நிமிஷம் பாக்கி இருக்கும். நல்லவேளை, அவர் காது பள்ளிவாசல் பாங்கில் இருந்தது.

கஸ்டமர் கேர் பற்றிச் சொல்லாமல் விட்டால் பாவம். என்ன எழுதினாலும் "லொகேஷனை ஆன் செய்து பாருங்கள்" என்ற ஒரே பதில். கடைசியில் விஷயம் தெரிந்த யாரோ ஒருவர் கையில் போய்ச் சேர்ந்தது, அவர் சென்னைக்கும் கும்பகோணத்துக்கும் ஒரே தேதிக்கான ஸ்க்ரீன்ஷாட்டைக் கேட்டார், அனுப்பினேன், அடுத்த அப்டேட்டில் சரியாகிவிட்டது. அந்த ஆளுக்குத்தான் இந்த மூன்று கூடுதல் நட்சத்திரமும்.

இப்போது ஊர்ப் பெயருக்குக் கீழேயே அட்சரேகை 10.96, தீர்க்கரேகை 79.38 என்று காட்டுகிறது. முதலிலேயே இதைச் செய்திருந்தால் இத்தனை பேச்சே இல்லை. உதயம், அஸ்தமனக் கணக்குக்குச் சூரிய வட்டத்தின் மேல் விளிம்பா, மையமா என்று தேர்ந்தெடுக்கவும் வசதி வந்திருக்கிறது. காற்று ஒளியை வளைப்பதில் 34 கலை (60 கலை ஒரு பாகை), வட்டத்தின் பாதி 16 கலை, ஆக 50 கலையைச் சேர்ப்பதா விடுவதா என்பதில் சுமார் மூன்றரை நிமிஷம் மாறும். அச்சுப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பார்ப்பவர்கள் சண்டைக்குப் போகும் முன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் சோதிக்க வேண்டுமென்றால் ஊரைப் பூம்புகார் என்று மாற்றிக்கொண்டு, மேகம் இல்லாத காலையில் கடற்கரைக்குப் போகலாம். அஸ்தமனத்துக்கு டெல்டாவில் அந்த வசதி கிடையாது, மேற்கே எங்கே திரும்பினாலும் தென்னந்தோப்பு மறைக்கிறது.

ஒரு நட்சத்திரத்தை ஏன் பிடித்தேன் என்றால், இவ்வளவு பெரிய தப்பைத் திருத்திவிட்டு அப்டேட் குறிப்பில் "சிறு பிழைகள் சரிசெய்யப்பட்டன" என்று மட்டும் போட்டிருக்கிறார்கள். அப்புறம், ஏற்கெனவே ஆப் வைத்திருப்பவர்களுக்கு அப்டேட் செய்தால் மட்டும் போதாது. செட்டிங்ஸில் போய் ஊரை இன்னொரு தடவை தேர்ந்தெடுக்க வேண்டும், இல்லையென்றால் முகப்புத் திரை விட்ஜெட்டில் பழைய சென்னை நேரம்தான் ஓடும்.