குரல் மட்டுமே உள்ள காவலன்: ‘ரேண்டல் அண்ட் ஹாப்கர்க் (டிசீஸ்டு)’

துப்பறியும் நிறுவனம் நடத்தும் இரு நண்பர்களில் ஒருவர் முதல் அத்தியாயத்திலேயே கார் மோதிக் கொல்லப்படுகிறார்; அடக்கம் முடிந்த பிறகு ஆவியாக வந்து, தன்னைக் கொன்றவனைக் கண்டுபிடிக்கும்படி கூட்டாளியிடம் கேட்கிறார். பிரிட்டனின் ஐடிவியில் 1969 செப்டம்பர் முதல் 1970 மார்ச் வரை ஒளிபரப்பான இத்தொடரின் 26 அத்தியாயங்களையும் வரிசையாகப் பார்த்து முடித்தேன். பேயும் துப்பறிதலும் கலந்த கதைகளில் இத்தனை மனிதத்தன்மை கொண்ட ஆவியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

விடிவதற்குள் கல்லறைக்குத் திரும்பாத ஆவியைச் சபிக்கும் பழைய பாட்டு ஒன்று கதைக்குள் வருகிறது. ஜெஃப் ரேண்டலுக்குத் துணை நின்றதில் மார்ட்டி ஹாப்கர்க் விடியலைத் தவறவிட்டு, 100 ஆண்டுகள் பூமியிலேயே இருக்க வேண்டியவராகிறார். அன்றிலிருந்து வெள்ளை உடையில், பெரும்பாலும் ஜெஃபின் கண்ணுக்கு மட்டுமே தெரிபவராக, நண்பரையும் மனைவி ஜீனியையும் காத்து வருகிறார்.

காக்க வந்தவரால் எதையும் கையால் தொட முடியாது என்பதே தொடரின் உயிர்நாடி. காற்றை எழுப்புவது போன்ற சிறு செயல்களைத் தவிர, மார்ட்டியிடம் எஞ்சியிருப்பது பார்வையும் குரலும்தான். ஜெஃப் அடிபட்டு மயங்கிவிட்டால் அந்தக் குரலைக் கேட்கவும் ஆளில்லை. ‘எ டிஸ்டர்பிங் கேஸ்’ அத்தியாயத்தில் இந்த இயலாமை மிக அழகாகத் திருப்பிப் போடப்படுகிறது. இறந்துபோன நண்பருடன் பேசிக்கொண்டிருக்கும் ஜெஃபுக்கு மனநிலை சரியில்லை என்று கருதி, அவர்மீது அக்கறை கொண்டவர்களே அவரை மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். நோயாளிகளை வசியத்தால் ஆட்டிவைக்கும் மருத்துவரின் பிடியில் அவர் அகப்பட, மார்ட்டி அம்மருத்துவரின் குரலையே பேசிக்காட்டி, வசியத்தில் இருக்கும் நண்பரைத் தம் சொற்படி நடக்க வைக்கிறார். இதை எழுதியவர்களில் ஜெஃபாக நடித்த மைக் பிராட்டும் ஒருவர். கசங்கிய கோட்டும் களைத்த முகமுமாக அவர் நடமாடுவதும், கென்னத் கோப்பின் மார்ட்டி பொறாமையும் பாசமும் கலந்து ஓயாமல் நச்சரிப்பதும், நெடுநாள் பழகிய இருவரின் உரசலாகவே தோன்றுகின்றன.

அனெட் ஆண்ட்ரே நடித்த ஜீனி கணவரின் இருப்பை அறியாமலேயே அதே அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். அருகில் நிற்கும் கணவரிடம் அவரால் ஒரு சொல்கூடப் பேச முடியாத இந்தத் துயரத்துக்குத் தொடர் இன்னும் இடம் கொடுத்திருக்க வேண்டும். பல அத்தியாயங்களில் அவரை ஆபத்தில் சிக்குபவராக மட்டுமே நிறுத்தியிருப்பது எனக்கு உண்மையான வருத்தம்.

துப்பறியும் கதை என்ற அளவிலும் குறை உண்டு. வில்லன்களின் அறைக்குள் மார்ட்டி நுழைந்து திட்டத்தைக் கேட்டுவிட்டு வரும் வழி அடிக்கடி கையாளப்படுவதால், முடிச்சு தானாகவே அவிழ்ந்துவிடுகிறது. இதற்கு மாறாக, ‘நெவர் டிரஸ்ட் எ கோஸ்ட்’ அத்தியாயத்தில் மார்ட்டி கண்ணால் கண்ட கொலைக்குத் தடயமே கிடைக்காமல், நண்பரே அவரை நம்ப மறுக்கும் நிலை வருகிறது. அங்கே மர்மமும் நட்பும் ஒன்றாகச் சோதிக்கப்படுகின்றன.

பிபிசி 2000, 2001 ஆண்டுகளில் 13 அத்தியாயங்களாக இதை மறு ஆக்கம் செய்தது. விக் ரீவ்ஸ் ஏற்ற மார்ட்டிக்கு, ஆவியாக வாழக் கற்றுத்தரும் ஆசானாக டாம் பேக்கர் வருகிறார். தொழில்நுட்பம் கூடியிருந்தாலும், ஆவியின் ஆற்றல்கள் வளர வளர அந்தக் கையறுநிலை மங்கிவிடுகிறது. என் மனம் அதில் ஒன்றவில்லை.

புதிதாகப் பார்ப்பவர்கள் 1969ஆம் ஆண்டுத் தொடரின் முதல் அத்தியாயத்தைத் தவறவிடக் கூடாது. அதன்பின் மேற்சொன்ன இரண்டையும் பார்த்துவிட்டு, ஜெஃப் மேடையேறி மார்ட்டியின் துணையுடன் பிறர் மனத்தைப் படித்துக்காட்டும் ‘தட்ஸ் ஹவ் மர்டர் ஸ்னோபால்ஸ்’ அத்தியாயத்துக்குச் செல்லலாம்.