பிள்ளைகளுக்கான சிறப்பு மனநல சேவை: நீண்டகாலப் பயன்பாட்டில் தெரியவருபவை

இந்தச் சேவையை ஆண்டுக்கணக்கில் பயன்படுத்தும் குடும்பங்களுக்கு ஒன்று புரிந்துவிடும். மாதங்கள் வீணாகப் போவது பெரும்பாலும் சிகிச்சை அறையில் அல்ல, ஒரு மேசையில் சொன்னது அடுத்த மேசைக்குப் போய்ச் சேராத இடத்தில்தான். பள்ளிக்குத் தெரிந்தது மருத்துவருக்குத் தெரியாது, மருத்துவர் எழுதியதை உளவியலாளர் பார்த்திருக்க மாட்டார். அதனால் முதல் வேலை ஒரு கோப்பு போடுவது. கடிதங்கள், அறிக்கைகள், மதிப்பெண் பட்டியல்கள், மருந்துச் சீட்டுகள் எல்லாவற்றையும் தேதி வரிசையில் வைத்து, மேலே ஒரு பக்கச் சுருக்கம். மூலப் பிரதியை யாரிடமும் கொடுக்காதீர்கள்.

முதலில் யாரிடம் போவது என்பதில் நிறையக் குழப்பம். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுபவர். கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், அதாவது மருத்துவ உளவியலாளர், சோதனைகள் செய்வார், பேச்சு வழிச் சிகிச்சை தருவார். பள்ளிக் கவுன்சிலரிடம் அன்றாடச் சிக்கல்களைப் பேசலாம், ஆனால் ஆட்டிசமா (பிறரோடு பேசிப் பழகுவதிலும் நடத்தையிலும் வளர்ச்சி வேறுபடும் நிலை) இல்லையா என்று முடிவு சொல்வது அவர் வேலை இல்லை. தொடக்கத்துக்கு நல்ல இடம் குழந்தைகள் நல மருத்துவர். காது கேட்கும் திறன், பார்வை, தூக்கம், ரத்தசோகை, தைராய்டு ஆகியவற்றை அவர் பார்த்துவிட வேண்டும். பேச்சு தாமதமான குழந்தைக்குக் கேட்புத் திறன் சோதனை இல்லாமல் அனுப்பினால், சிறப்புப் பிரிவு முதலில் அதைத்தான் எடுத்துவரச் சொல்லும். அங்கேயே சில வாரங்கள் போய்விடும்.

பரிந்துரைக் கடிதம்தான் இந்தப் பாதையிலேயே கனமான தாள். 'பையன் ரொம்பப் பதற்றமாக இருக்கிறான், பார்க்கவும்' என்று ஒரு வரி எழுதினால் அது அடுக்கின் அடியில் போய்விடும், திரும்பியும் வரலாம். தேவைப்படுவது அளவு: எத்தனை மாதமாக, வாரத்துக்கு எத்தனை முறை, எவ்வளவு நேரம், அதனால் எது நின்றுபோனது. 'நான்கு மாதமாக, வாரத்தில் மூன்று நாள் பள்ளிக்குப் போவதில்லை. காலையில் வாந்தி. இரவில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூக்கம் இல்லை. எடை மூன்று கிலோ குறைந்திருக்கிறது.' இப்படி எழுதிய கடிதத்தை, யாரை முதலில் பார்ப்பது என்று சிறப்புப் பிரிவில் வரிசைப்படுத்துபவர் ஒதுக்க முடியாது. தற்கொலைப் பேச்சு, தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாப்பாட்டைத் தவிர்ப்பது ஆகியவை இருந்தால் கூச்சப்பட்டு மறைக்காமல் முதல் வரியிலேயே வர வேண்டும். கடிதத்தின் நகல் ஒன்று உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

அதற்கான தரவை இரண்டு வாரக் குறிப்பேடு தந்துவிடும். தேதி, நேரம், சிக்கல் தொடங்குவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, பிள்ளை என்ன செய்தது, எவ்வளவு நேரம், பிறகு பெரியவர்கள் என்ன செய்தார்கள். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். அழுதவுடன் பள்ளி வேண்டாம் என்று சொல்லிவிட்டோமா என்பதை அறியாமல் சிகிச்சையாளர் திட்டம் போட முடியாது. வீட்டில் வெடிக்கிற பிள்ளை கிளினிக்கில் சாதுவாக உட்கார்ந்திருப்பது வழக்கமான விஷயம். முப்பது விநாடி வீடியோ ஒன்று அங்கே பெரிய உதவி, அதை சிகிச்சையாளரைத் தவிர வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது.

காத்திருப்புப் பட்டியலைப் பற்றி: பெயர் உண்மையிலேயே ஏறியதா என்று இரண்டு வாரத்தில் கேட்டு உறுதிப்படுத்துங்கள். யாராவது ரத்து செய்த நேரத்தில் வரத் தயார் என்று பதியச் சொல்லுங்கள். மாதம் ஒருமுறை நிலைமையை எழுத்தில் தெரிவியுங்கள், மோசமானால் அன்றே. முகவரியோ தொலைபேசி எண்ணோ மாறியதைச் சொல்லாமல் விட்டு, வந்த அழைப்பைத் தவறவிட்டு, கோப்பு மூடப்படுவது அடிக்கடி நடக்கிறது. மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியிருக்கும்.

உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் இந்த வரிசையே பொருந்தாது, நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். வீட்டில் உள்ள மாத்திரைகள், பூச்சிமருந்து, கூர்மையான பொருட்கள் எல்லாம் பூட்டுக்குள் போகட்டும். 'சாக வேண்டும் என்று தோன்றுகிறதா?' என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. தயங்காமல் கேளுங்கள்.

மதிப்பீட்டுக்கு வருவோம். முதலில் வினாத்தாள்கள் வரும். பரவலாகப் பயன்படும் எஸ்டிக்யூவில் (பிள்ளையின் பலங்களையும் சிக்கல்களையும் கேட்கும் வினாத்தாள்) 25 கேள்விகள். பெற்றோர், ஆசிரியர் தனித்தனியாக நிரப்புவார்கள், 11 வயதிலிருந்து பிள்ளையும் நிரப்பலாம். சாதாரணமாக, கடந்த ஆறு மாதங்களை மனதில் வைத்துப் பதில் சொல்ல வேண்டும். நேற்று நடந்த சண்டையின் சூட்டில் நிரப்பினால் படம் கோணலாகிவிடும். ஏடிஎச்டி (கவனக்குறைவு, மிகைத் துறுதுறுப்புக் குறைபாடு) என்று சொல்ல, அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும். அதனால் ஆசிரியர் தாள் வராவிட்டால் முடிவு நின்றுவிடும். பெரும்பாலும் அந்தத் தாள்தான் தாமதமாகும். பள்ளியில் ஒருவரைப் பொறுப்பாகக் கேட்டு, தேதி குறித்து வாங்குங்கள். ஐக்யூ சோதனை செய்திருந்தால் தேதியையும் சோதனையின் பெயரையும் சொல்லிவிடுங்கள். குறுகிய இடைவெளியில் அதே சோதனையைத் திரும்பச் செய்தால் பழக்கத்தால் மதிப்பெண் ஏறும், அந்த எண்ணை நம்ப முடியாது. ஒரே சோதனையை வைத்து ஆட்டிசம் உண்டு அல்லது இல்லை என்று சொல்லும் அறிக்கையை அப்படியே ஏற்க வேண்டாம். வளர்ச்சி வரலாறும் நேரடி அவதானிப்பும் அதில் இருக்க வேண்டும்.

சத்தம் போடாத பிள்ளைகள் இந்த அமைப்பில் தொடர்ந்து பின்னால் தள்ளப்படுகிறார்கள் என்பது வருத்தமான உண்மை. வகுப்பில் கனவில் மிதக்கும் பெண்பிள்ளையை யாரும் பரிந்துரைப்பதில்லை. 'நன்றாகத்தானே படிக்கிறாள்' என்ற பதிலோடு திரும்ப வேண்டாம். ஒரு மணி நேர வீட்டுப்பாடத்துக்கு அவள் நான்கு மணி நேரம் செலவழிப்பதை எழுதிக் காட்டுங்கள்.

சிகிச்சை தொடங்கியபின் பார்க்க வேண்டியது செஷன்களின் நெருக்கம். பதற்றத்துக்கும் ஓசிடிக்கும் (வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, கைகழுவுவது போன்ற சடங்கைச் செய்யவைக்கும் சிக்கல்) தரும் சிபிடி (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு வழிச் சிகிச்சை) பொதுவாக வாரம் ஒன்று, 45 முதல் 60 நிமிடம், 12 முதல் 16 செஷன் என்ற அளவில் நடக்கும். மாதம் ஒருமுறை நடந்தால் ஒவ்வொரு முறையும் பாதி நேரம் பழைய கதையைச் சொல்வதிலேயே போய்விடும். உள்ளே வெறும் பேச்சு மட்டும் நடக்கிறதா, வீட்டுப் பயிற்சி தருகிறார்களா என்று கேளுங்கள். ஓசிடியில் பயந்ததைப் படிப்படியாக எதிர்கொண்டு, சடங்கைச் செய்யாமல் இருக்கப் பழக்குவதே மைய வேலை. அது இல்லாமல் இருபது செஷன் போனாலும் கைகழுவல் குறையாது. சின்ன வயது ஏடிஎச்டிக்குப் பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொண்டு பாதியில் விடுபவர்கள் அதிகம், பலன் கிடைக்கவிருந்த இடத்தில் விடுகிறார்கள். ஆறாவது செஷனில் முதல் நாள் நிரப்பிய அதே வினாத்தாளை மீண்டும் நிரப்பச் சொல்லுங்கள். எண் அசையவில்லை என்றால் முறையை மாற்றுவது பற்றிப் பேச அதுவே நேரம்.

ரகசியம் பற்றி முதல் நாளே பேசிவிட வேண்டும். பதின்வயதினர் உள்ளே சொல்வது பெற்றோருக்கு வராது, ஆபத்து இருந்தால் மட்டும் வரும் என்பதை மூவரும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பது நல்லது. திரும்பும் வழியில் 'என்ன பேசினாய்?' என்று துருவினால் அடுத்த வாரம் பிள்ளை வர மறுக்கும்.

மருந்து என்றால், மனச்சோர்வுக்கான மாத்திரைகளின் பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். முதல் சில வாரங்களில் படபடப்போ தற்கொலை எண்ணமோ கூடுகிறதா என்று நெருக்கமாகப் பார்க்க வேண்டும், சட்டென்று நிறுத்தவும் கூடாது. ஏடிஎச்டிக்குத் தரும் மெத்தில்ஃபெனிடேட் அன்றே வேலை செய்யும், பசியைக் குறைக்கும். காலை உணவுக்குப் பின் கொடுத்தால் ஒரு வேளையாவது வயிறு நிறையும். எடை, உயரம், ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு ஆகியவற்றைத் தொடக்கத்திலும் பிறகு சீராகவும் கோப்பில் குறித்து வாருங்கள்.

பல இடங்களில் 18 வயதில் குழந்தைகள் பிரிவு கைவிட்டுவிடும். பெரியவர்கள் பிரிவின் அளவுகோல் வேறு, அங்கே பொதுவாக இளைஞரின் சம்மதம் இல்லாமல் பெற்றோர் பேச முடியாது, இளைஞரே பேச வேண்டும். எனவே 17 தொடங்கும்போதே அடுத்த பிரிவின் பெயர், இரு பிரிவினரும் சேர்ந்து அமரும் ஒரு சந்திப்பு, இடைப்பட்ட மாதங்களுக்கு மருந்து எழுதப்போவது யார் என்ற மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு பக்கச் சுருக்கத்தை இந்த முறை பிள்ளையே தன் வார்த்தையில் எழுதட்டும்.